அப்பாவின் மரம் அரிகிற பழைய கைவாள் கறள் பிடித்துக் கிடக்கிறது. பல் அராவிப் பாவிக்கலாமா, புதிது வாங்குவதா?

தாராளமாகப் பாவிக்கலாம். முதலில் பல்லின் நுனியைப் பாருங்கள். நுனி மட்டும் கருநீலமாகத் தெரிந்தால் அது பல்லைச் சூடாக்கி இறுக்கிய இந்தக் காலத்து வாள், அரம் வழுக்கிக்கொண்டு போகும், அராவ ஏலாது. பல்லும் தகடும் ஒரே நிறம் என்றால் அது உங்கள் பிள்ளைகளின் காலத்துக்கும் உழைக்கும்.

என்னிடம் இருப்பதும் அப்படி ஒன்றுதான். 2008இல் போரினால் கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து வெளிக்கிடும்போது அப்பா உளி, சீவுளி, வாள் எல்லாவற்றுக்கும் கிறீஸ் பூசி உரப்பையில் சுற்றிக் கிணற்றடியில் தாட்டுவிட்டு வந்தார். 2010இல் திரும்பிப் போய்க் கிண்டினால் பிடிகளைக் கறையான் தின்றிருந்தது, வாள் செம்மண் நிறத்தில் ஒரு தகடாக வந்தது. அதில்தான் நான் பல் அராவப் பழகினேன்.

கறளுக்கு மண்ணெண்ணெய் போதும். பிடியைக் கழற்றிவிட்டு (பித்தளைத் திருகாணி என்றால் பலம் கொடுக்க வேண்டாம், தலை உடைந்தால் அதேமாதிரி ஒன்று தேடிப் பிடிப்பது கஷ்டம்) மண்ணெண்ணெயில் நனைத்த துணியை ஓர் இரவு தகட்டில் சுற்றி வையுங்கள், அப்புறம் சாண்ட்பேப்பரை ஒரு மரக்கட்டையில் சுற்றி நீளவாக்கில் தேயுங்கள். பளபளப்பு தேவையில்லை, விரலால் தடவும்போது சொரசொரப்பு இல்லாவிட்டால் சரி.

இனித்தான் பலரும் பிழை விடுகிற இடம். எடுத்த எடுப்பில் முக்கோண அரத்தைப் பிடித்து ஒவ்வொரு பல்லாகக் கூராக்குவார்கள், பல் ஒன்று உயரம் ஒன்று பள்ளமாக ஆகிவிடும், உயரமான நாலு பல்தான் வேலை செய்யும். முதலில் மட்டம் வேண்டும். தட்டை அரத்தைப் பல்லின் மேலே படுக்கையாக வைத்து, பிடிப் பக்கத்திலிருந்து நுனிவரை இரண்டு மூன்று தரம் மெதுவாக இழுங்கள். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் நுனிகளில் வெள்ளைப் பொட்டுகள் மின்னும்: தேய்ந்த பல்லில் ஊசிக்குத்து அளவு, உயரமான பல்லில் அரிசிக் குறுணி அளவு. பொட்டு விழாத பல் இருந்தால் இன்னொரு இழுவை. பிறகு அராவும்போது அந்தப் பொட்டு மறைகிற கணத்தில் கையை நிறுத்த வேண்டும், அதற்கு மேல் ஓர் இழுப்பும் கூடாது.

அராவுமுன் பல்லை ஒன்று விட்டு ஒன்றாக இடமும் வலமும் சாய்க்க வேண்டும், பல்லின் மேல் பாதியை மட்டும். அடியோடு வளைத்தால் முறிந்துவிடும். காய்ந்த முதிரைக்குக் கொஞ்சச் சாய்வு போதும், பச்சை வேம்புக்கு அதிகச் சாய்வு தேவை, இல்லாவிட்டால் வாள் இறுகி நிற்கும்.

வாளை இரண்டு பலகைக்கு நடுவில் பல் மட்டும் தெரிகிற மாதிரி இறுக்குங்கள். இனித்தான் முக்கோண அரம். அது கீச்சிட்டால் தகடு ஆடுகிறது என்று அர்த்தம், இன்னும் கீழே இறக்குங்கள். அங்குலத்துக்கு ஐந்து ஆறு பல் உள்ள வாள் பெரும்பாலும் நீளவாக்கில் அரிவதற்கு, அதற்கு அரம் நேர் குறுக்காகப் போகட்டும். எட்டும் அதற்கு மேலும் என்றால் குறுக்கே அறுப்பதற்கு, அரத்தை இருபது பாகை அளவு சாய்த்துப் பிடியுங்கள். முன்னுக்குத் தள்ளும்போது மட்டும் அழுத்தம், திரும்பும்போது தூக்கிவிடுங்கள். ஒன்று விட்டு ஒன்றாக அராவி முடித்து, வாளைத் திருப்பி மிச்சத்தை அராவுங்கள்.

பென்சில் கோடு போட்டு ஒரு பலகையை அரிந்து பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் அந்தப் பக்கப் பல் அதிகமாகச் சாய்ந்திருக்கிறது, தீட்டுக்கல்லை அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு தரம் மெதுவாக உரசினால் போதும்.

வன்னியில் இருக்கிறவர்கள் இதையும் கேளுங்கள். வளவு மரத்தை அரியுமுன் பட்டையில் புடைப்பு இருக்கிறதா, வெட்டு முகத்தில் கருநீலக் கறை இருக்கிறதா என்று பாருங்கள், உள்ளே இரும்பு இருந்தால் அப்படிக் காட்டும். எனக்கு ஒரு வேப்பங்குத்தியில் போர்க்காலச் செல் (எறிகணை) துண்டு பட்டு இரண்டு பல் போனது. அதற்காக மற்றப் பற்களையெல்லாம் அராவித் தாழ்த்த வேண்டாம், அடுத்தடுத்த அராவலில் இடைவெளி தானாகக் குறையும். நடுவில் அந்த இரண்டு பல் இல்லாமலேயே போன கிழமை அப்பாவின் வாளால் ஒரு கதவு நிலைக்கு முதிரை அரிந்தேன்.