ஆன் செய்து நான்கு மாதம், இன்னும் பேச்சு வரவில்லையே?

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயது. பிறவியிலேயே காது கேட்காது. காக்ளியர் இம்ப்ளான்ட் (ஆபரேஷன் செய்து காதுக்குள் பொருத்தும் கேட்கும் கருவி) வைத்து, கருவியை ஆன் செய்து நான்கு மாதம் ஆகிறது. கூப்பிட்டால் திரும்புகிறாள். ஆனால் 'அம்மா சொல்லு' என்று எவ்வளவு கெஞ்சினாலும் வாய் திறப்பதில்லை. ஜாடை காட்டினால் பேச்சே வராது என்கிறார் மாமியார். ஆபரேஷன் வீணாகிவிட்டதா?

பதில்: இல்லவே இல்லை அம்மா. கூப்பிட்டால் திரும்புகிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, இந்தக் கட்டத்தில் நான் முதலில் தேடுவது அதைத்தான். அவளுக்கு வயது மூன்று, ஆனால் கேட்கும் வயது நான்கு மாதம்தான். பிறந்ததிலிருந்து காது கேட்கும் குழந்தையே ஏறக்குறைய ஒரு வருடம் கேட்ட பிறகுதான் முதல் வார்த்தை சொல்கிறது.

காதுக்குள் வைத்த எலக்ட்ரோடு என்ற மெல்லிய கம்பி செவி நரம்பை மின்துடிப்பால் தூண்டுகிறது. அதில் எது அம்மாவின் குரல், எது மிக்ஸி என்று பிரித்தறிய மூளை பழக வேண்டும். அதனால் தூங்கும்போதும் குளிக்கும்போதும் தவிர, கருவி எப்போதும் தலையில் இருக்கட்டும். அடிக்கடி பிடுங்கிப் போட்டால் அடம் என்று திட்டாதீர்கள். சத்தம் அளவுக்கு மேல் இருக்கலாம். மேப்பிங், அதாவது கருவியின் சத்த அளவை அவளுக்கு ஏற்றபடி அமைப்பவரிடம் சொல்லுங்கள்.

காலையில் கருவியை மாட்டியதும் ஒரு சோதனை. காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தந்த நிபுணர் டேனியல் லிங் வகுத்தது, இரண்டு நிமிடம் போதும். அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, சாதாரணக் குரலில் ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்று மாற்றி மாற்றி, இடைவெளி விட்டுச் சொல்லுங்கள். சத்தம் கேட்டால் டப்பாவில் ஒரு பாசிமணியைப் போடப் பழக்குங்கள். தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை பேச்சில் வரும் ஒலிகள் இந்த ஆறில் அடங்கிவிடும். நேற்று கேட்ட 'ஸ்' இன்று கேட்கவில்லையா? பேட்டரி, காயில் (தலையில் ஒட்டும் வட்டமான பகுதி), ஒயர் மூன்றையும் பாருங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் மேப்பிங்குக்குப் போங்கள்.

'சொல்லு, சொல்லு' என்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். பரீட்சை வைத்தால் குழந்தை வாயை மூடிக்கொள்ளும். குழாயைத் திறப்பதற்கு முன் 'தண்ணி வருது பாரு' என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். அவள் குழாயைப் பார்த்த பிறகு திறங்கள். மறுபடி 'தண்ணி!' என்று சொல்லுங்கள். காது முதலில், கண் பிறகு. டிவியை அணைத்துவிடுங்கள். ஸ்கூலுக்காக இப்போதே இங்கிலீஷ் வேண்டாம். வீட்டில் பேசும் தமிழே போதும்.

ஜாடையால் பேச்சு நின்றுவிடாது. கருவியைக் கழற்றிவிட்டுக் குளிப்பாட்டும்போது அவளோடு வேறு எப்படிப் பேசுவீர்கள்? ஜாடையோடு வார்த்தையையும் சேர்த்தே சொல்லுங்கள், அவ்வளவுதான்.

தெரபிக்குப் போனால் வெளியே உட்காராதீர்கள். அந்தப் பயிற்சி உங்களுக்கும்தான். மீதி நேரமெல்லாம் அவளோடு இருப்பது நீங்கள்.

நாள் முழுக்க அணிந்தும் ஆறு மாதத்தில் புதிய சத்தங்களுக்குத் திரும்பாமலோ, குரலில் மழலை கூடாமலோ இருந்தால், கருவி, மேப்பிங், செவி நரம்பு எல்லாவற்றையும் மறுபடி பரிசோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை எந்தச் சத்தத்துக்குத் திரும்பினாள், எதற்குத் திரும்பவில்லை என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அடுத்த மேப்பிங்கில் அளவை மாற்ற அந்தக் குறிப்பு ரொம்பவே உதவும்.