அறுபத்திரண்டாம் எண் படகில் ஏறு, மகளே

கேள்வி: நான் காசிமேட்டைச் சேர்ந்தவள். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டர் படிக்க ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்கு வந்து ஆறு வாரங்கள் ஆகின்றன. வகுப்பை விட்டால் அறை, அறையை விட்டால் வகுப்பு என்றே நாள்கள் கழிகின்றன. உடன் வந்தவர்கள் வார இறுதிகளில் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் என்று போகிறார்கள். என்னிடம் அதற்குப் பணம் இல்லை. மொழி தெரியாததால் தனியாக வெளியே போகவும் தயக்கமாக இருக்கிறது. நான்கரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. மீன் ஏலத்தில் அப்பா சம்பாதித்த பணத்தை வீணாக்குகிறேனோ என்று இரவில் தூக்கம் வருவதில்லை.

பதில்:

அன்பு மகளுக்கு,

நீ எதையும் வீணாக்கவில்லை. ஆறு வாரங்கள்தான் போயிருக்கின்றன. இன்னும் மாதங்கள் இருக்கின்றன. பாரிஸுக்கு இரண்டு நாள் போய்வருபவர்களைப் பார்த்து ஏங்காதே. அவர்கள் அங்கே விருந்தாளிகள். நீயோ ஹாம்பர்க்கில் குடியிருப்பவள். ஓர் ஊரில் குடியிருந்து அதை அறியும் வாய்ப்பு ஒரு சிலருக்கே கிடைக்கும், அதற்குப் பெரிய செலவும் இல்லை.

நான் ராயபுரத்தில் வளர்ந்தவள். கல்லூரிக்குப் போன மூன்று ஆண்டுகளும் வால்டாக்ஸ் சாலை வழியாகப் பேருந்தில் போய்வந்தும், நகர மதிலுக்காக ஆங்கிலேயர் விதிக்க நினைத்த வரியிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பதை, ஒரு நாள் அங்கே இறங்கி நடந்தபோது பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் பத்து இடங்களை ஒரு முறை பார்ப்பதைவிட ஒரே தடத்தில் பத்து முறை போவதையே நான் விரும்புகிறேன். உனக்கும் அதையே சொல்கிறேன்.

உன் தடம் 62ஆம் எண் படகாக இருக்கட்டும். லாண்டுங்ஸ்ப்ரூக்கன் துறையிலிருந்து எல்பே ஆற்றில் ஃபிங்கன்வெர்டர் வரை போகும் அந்தப் படகு சுற்றுலாப் படகு அன்று. நம் மாநகரப் பேருந்தைப் போல அன்றாடப் பயணிகளுக்கானது. நகரப் போக்குவரத்தின் சாதாரணப் பயணச்சீட்டே அதற்குப் போதும். நீ கட்டிய செமஸ்டர் கட்டணத்தில் பயணச்சீட்டும் சேர்ந்திருக்கும், பல்கலைக்கழக அலுவலகத்தில் ஒரு முறை கேட்டு உறுதிசெய்துகொள். வழியில் நோய்மூலன் துறையில் இறங்கினால் ஆற்றங்கரையில் மணல்வெளியும், எதிர்க்கரையில் கன்டெய்னர் தூக்கும் ராட்சத கிரேன்களும் இருக்கும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிறந்து, கன்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி நடந்தே பள்ளிக்குப் போன உனக்கு அந்தக் காட்சி அந்நியமாக இராது.

லாண்டுங்ஸ்ப்ரூக்கனிலேயே ஆற்றுக்கு அடியில் போகும் பழைய சுரங்கப்பாதை ஒன்று உண்டு. 1911இல், கப்பல் பட்டறைத் தொழிலாளர்கள் அக்கரைக்குப் போய்வருவதற்காகத் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 426 மீட்டர் நீளம், நடந்து போகக் கட்டணம் இல்லை. அக்கரையில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தால் நீ வாழும் நகரம் முழுவதும் எதிரே தெரியும்.

இன்னொரு நாள் ஷ்பைஷர்ஷ்டாட்டுக்குப் போ. 1883இல் கட்டத் தொடங்கிய செங்கல் கிடங்குகள் கால்வாய்களை ஒட்டி வரிசையாக நிற்கும் பகுதி அது. காபியும் தேயிலையும் மசாலாவும் கம்பளங்களும் அங்கே குவிந்திருந்தன. 2015இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அழகை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதே. அந்தக் கிடங்குகளுக்காக அங்கே குடியிருந்த ஏறத்தாழ 20,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். சென்னையில் இன்றைய உயர் நீதிமன்றம் நிற்கும் பக்கத்தில் இருந்த பழைய கறுப்பர் நகரத்தை 18ஆம் நூற்றாண்டில் இடித்து, அங்கிருந்த நம் மக்களை வடக்கே தள்ளிய கதையை நினைத்துக்கொண்டு அந்தக் கால்வாய் ஓரமாக நடந்து பார். குடியிருப்புத் தெருக்களில் நடக்கும்போது தரையையும் கவனி. நாஜிகளால் கொல்லப்பட்டவர்களின் பெயர் பொறித்த சிறு பித்தளைத் தகடுகள் அவர்கள் வாழ்ந்த வீட்டு வாசல்களில் பதிக்கப்பட்டிருக்கும். நின்று ஒரு பெயரையாவது வாசித்துவிட்டுப் போ.

மொழிக்காகத் தயங்க வேண்டாம். காலையோ இரவோ, ‘மொய்ன்’ என்ற ஒரு சொல் அங்கே வணக்கத்துக்குப் போதும்; அதைச் சொல்லிவிட்டு ஒரே ரொட்டிக் கடைக்கு வாரம் மூன்று முறை போனால் கடைக்காரருக்கு உன் முகம் பழகிவிடும். நகரப் பொது நூலகங்களில் ‘டியாலோக் இன் டாய்ச்’ என்ற பெயரில் தன்னார்வலர்கள் நடத்தும் இலவச உரையாடல் குழுக்கள் இருக்கின்றன. உன்னைப் போலத் தடுமாறிப் பேசுபவர்களே அங்கே வருவார்கள், ஆகவே கூச்சம் விரைவில் விட்டுப்போகும்.

இருட்டைப் பற்றிய உன் கவலை நியாயமானது. டிசம்பரில் நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடும் என்பதால் சுற்றுவதைச் சனி, ஞாயிறு பகல்களில் வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும் என்பதால் மளிகையைச் சனிக்கிழமையே வாங்கிவிடு. அங்கே ரயில் நிலையங்களில் நம் மெட்ரோவைப் போலச் சீட்டைச் சரிபார்க்கும் தானியங்கிக் கதவுகள் இல்லை, ஆனால் பரிசோதகர்கள் சாதாரண உடையிலும் வருவார்கள், சீட்டு இல்லாவிட்டால் 60 யூரோ அபராதம். பயணச்சீட்டு கைப்பேசியில் இருந்தால் அதில் சார்ஜ் குறையாமல் பார்த்துக்கொள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சோம்பாமல் எழுந்து மீன் சந்தைக்குப் போ. 1703 முதல் நடக்கும் சந்தை அது; குளிர்காலத்தில் காலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிந்துவிடும். இப்போது பழமும் பூவும்கூட விற்கிறார்கள், ஆனாலும் வியாபாரிகள் தொண்டை கிழியக் கூவி விலை சொல்வதைக் கேட்டால் உனக்குக் காசிமேடு நினைவுக்கு வரும். ஹெர்ரிங் மீனும் வெங்காயமும் வைத்த ரொட்டி ஒன்று வாங்கிக்கொண்டு, அங்கிருந்தே அப்பாவைக் கைப்பேசியில் அழை. அங்கே எட்டு மணி என்றால் இங்கே பன்னிரண்டரை. ஏலம் முடிந்து அவர் வீட்டுக்கு வந்திருப்பார். ஒவ்வொரு மீனாகக் காட்டி, என்ன விலை என்று அவருக்குச் சொல்.