உபுண்டுவை அழித்த பிறகும் சி டிரைவில் "எக்ஸ்டெண்ட் வால்யூம்" மங்கலாகவே இருப்பது ஏன்?

இடம் எங்கும் தொலையவில்லை. விண்டோஸோடு சேர்த்துப் போட்டிருந்த உபுண்டுவின் பார்ட்டிஷனை (டிஸ்க்கில் அதற்கெனப் பிரித்த பகுதியை) விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அழித்துவிட்டீர்கள், 120 ஜிபி காலியிடம் கறுப்புப் பட்டையாகக் கிடக்கிறது, சி டிரைவை ரைட் கிளிக் செய்தால் எக்ஸ்டெண்ட் வால்யூம் அழுத்த வரவில்லை என்கிறீர்கள். இதைச் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால் பத்தில் எட்டுப் பேர் "ஃபுல்லா ஃபார்மட் அடிக்கணும் சார்" என்பார்கள். ஒன்றும் வேண்டாம்.

விண்டோஸ் ஒரு பார்ட்டிஷனை வலப்பக்கமாக மட்டும்தான் நீட்டும். காலியிடம் அதன் வலது விளிம்பை ஒட்டியே இருக்க வேண்டும். இடையில் 1 எம்பிக்கு வேறு பார்ட்டிஷன் நின்றாலும் முடியாது என்றுவிடும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டின் கீழ்ப்பாதியில் டிஸ்க் 0 வரிசையைப் பாருங்கள். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: 100 எம்பி இஎஃப்ஐ (பூட் கோப்புகள் இருக்கும் இடம்), அடுத்து சி, அடுத்து 700 எம்பி சுமாருக்கு ரெகவரி பார்ட்டிஷன் (விண்டோஸ் படுத்தால் சரிசெய்யும் கருவிகள் இருக்கும் இடம்), அதற்கப்புறம் உங்கள் 120 ஜிபி. அந்த 700 எம்பிதான் குறுக்கே நிற்கும் சுவர்.

"சி-யைச் சுருக்கித்தானே உபுண்டு போட்டேன், அப்போது இல்லாத சுவர் இப்போது எப்படி வந்தது?" நியாயமான கேள்வி. விண்டோஸைப் பெரிய பதிப்புக்கு ஏற்றும்போது பழைய ரெகவரி பார்ட்டிஷன் கொள்ளாவிட்டால், விண்டோஸே சி-யின் வாலில் சில நூறு எம்பியை வெட்டிப் புதிதாக ஒன்று போட்டுக்கொள்ளும். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காது. 2024 ஜனவரியில் வந்த கேபி5034441 அப்டேட் பலருக்கு 0எக்ஸ்80070643 என்ற பிழையோடு நின்றதும் இதே ரெகவரி பார்ட்டிஷனில் இடம் போதாததால்தான்.

சரி, அதை அழித்துவிட்டால் ஆயிற்றே என்று கீழே யாராவது எழுதுவார்கள். அழிக்கலாம், மெஷின் ஓடும். ஆனால் ஒருநாள் விண்டோஸ் பூட் ஆகாமல் படுத்தால் ஸ்டார்ட்அப் ரிப்பேர் வராது. பிட்லாக்கர் (டிரைவைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதி) போட்ட சி டிரைவுக்குள் ரெகவரியை வைக்க விண்டோஸ் சம்மதிக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில் அழித்து, பிறகு நீண்ட ஜியூஐடி (பார்ட்டிஷன் வகையைச் சொல்லும் குறியீடு) அடித்துத் திரும்ப உருவாக்கும் வழியும் உண்டு, தவறில்லை. ஆனால் டிஸ்க்பார்ட் "நிச்சயமா?" என்று திருப்பிக் கேட்காது, பார்ட்டிஷன் எண் ஒன்று மாறினால் கதை முடிந்தது. அழிக்காமல் வலக்கோடிக்குத் தள்ளுவதுதான் என் சிபாரிசு.

கட்டளைகளை இங்கே தமிழெழுத்தில் தருகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். முதலில் பேக்கப். அடுத்து பிட்லாக்கர் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். புது லேப்டாப்களில் நீங்கள் போடாமலே போட்டிருக்கும். இருந்தால் 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதிக்கொண்டு, பாதுகாப்பை சஸ்பெண்ட் செய்யுங்கள். அட்மினாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் "ரீஏஜென்ட்சி /டிஸேபிள்". இது ரெகவரி கோப்பை சி-க்குள் பத்திரமாக எடுத்துவைக்கும். பிறகு "ஷட்டவுன் /எஸ் /டி 0". ஸ்டார்ட் மெனுவில் ஷட்டவுன் கொடுத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக முழுதாக அணையாது, அதனால்தான் இந்தச் சுற்று.

உபுண்டு போட்ட அதே பென்டிரைவில் பூட் செய்து "டிரை உபுண்டு"வுக்குள் போய் ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் கருவியைத் திறங்கள். ரெகவரி பார்ட்டிஷனை ரைட் கிளிக் செய்து ரீசைஸ்/மூவ். பட்டையின் ஓரத்தைப் பிடிக்காமல் நடுவில் பிடித்து வலக்கோடிவரை இழுங்கள். "ஃப்ரீ ஸ்பேஸ் ஃபாலோயிங்" என்பது 0 ஆக வேண்டும், "நியூ சைஸ்" பழைய எண்ணிலேயே இருக்க வேண்டும். பூட் ஆகாமல் போகலாம் என்று ஒரு மஞ்சள் எச்சரிக்கை வரும். எந்தப் பார்ட்டிஷனை நகர்த்தினாலும் வருவது அது. நீங்கள் நகர்த்துவது சி-யையோ இஎஃப்ஐ-யையோ அல்ல. அப்ளை. 700 எம்பிதான், சீக்கிரம் முடியும். சார்ஜரைச் செருகியே வைத்திருங்கள், கரண்ட் போகிற நேரத்தில் பேட்டரியை நம்ப வேண்டாம்.

திரும்ப விண்டோஸுக்கு வந்தால் கறுப்புப் பட்டை சி-யை ஒட்டி நிற்கும், எக்ஸ்டெண்ட் வால்யூம் உயிர்பெற்றிருக்கும். நீட்டிவிட்டு "ரீஏஜென்ட்சி /எனேபிள்", அதன்பின் "ரீஏஜென்ட்சி /இன்ஃபோ". எனேபிள்டு என்று வந்து, இருப்பிடமாக அந்தப் பார்ட்டிஷனின் எண்ணைக் காட்டினால் சரி. பிட்லாக்கரை மறக்காமல் ரெஸ்யூம் செய்யுங்கள்.

சிலருக்கு இதற்குப் பிறகும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பெரிய சி-யும் திஸ் பிசியில் பழைய அளவும் தெரியும். பார்ட்டிஷன் நீண்டது, அதனுள் இருக்கும் ஃபைல் சிஸ்டம் நீளவில்லை என்று பொருள். டிஸ்க்பார்ட்டில் "செலக்ட் வால்யூம் சி", அடுத்து "எக்ஸ்டெண்ட் ஃபைல்சிஸ்டம்", அவ்வளவுதான்.

பட்டை கறுப்பாக இல்லாமல் பச்சையாக "ஃப்ரீ ஸ்பேஸ்" என்று இருந்தால் உங்களுடையது எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்க். எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் என்ற கூடு மிச்சமிருக்கிறது. உள்ளே வேறு டிரைவ் எதுவும் இல்லையென்றால் மட்டும் அதையும் அழியுங்கள், கறுப்பாகிவிடும். எந்தக் கட்டத்திலாவது டைனமிக் டிஸ்க்காக மாற்றட்டுமா என்று கேட்டால் "நோ". காலியிடம் சி-க்கு இடப்பக்கம் மாட்டியிருந்தால், முழு சி-யையும் மணிக்கணக்கில் நகர்த்துவதைவிட அந்த இடத்தில் நியூ சிம்பிள் வால்யூம் போட்டு டி டிரைவாக வைத்துக்கொள்வது மேல்.

"ஒரே கிளிக்" மென்பொருள்களைச் சொல்லவில்லையே என்பவர்களுக்கு: தெரியும். இலவசம் என்று இறக்கச் சொல்லி, எல்லாம் இழுத்துவைத்து அப்ளை கொடுக்கும்போது பணம் கேட்பவற்றைச் சொல்ல எனக்கு மனமில்லை. விற்கிற டிஸ்க்கிலேயே ஏற்கெனவே ஒரு கண்கட்டு இருக்கிறது: 512 ஜிபி என்று அச்சிட்டது விண்டோஸில் 476 என்று தெரியும். அவர்கள் ஜிபிக்கு நூறு கோடி பைட் வைக்கிறார்கள், விண்டோஸ் 107 கோடியே சொச்சம் வைக்கிறது. அந்த 36-ஐயும் "லாஸ்ட் ஸ்பேஸ்" என்று தேடாதீர்கள்.

கடைசியாக, ஆன் செய்ததும் உபுண்டு விட்டுப்போன பூட் நிரல் கறுப்புத் திரையில் "க்ரப்>" என்று நின்றால் "எக்ஸிட்" அடியுங்கள், பெரும்பாலும் விண்டோஸுக்குப் போய்விடும். பிறகு பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலாவதாக வையுங்கள். இஎஃப்ஐ பார்ட்டிஷனில் உபுண்டு என்ற ஃபோல்டர் மிச்சமிருக்கும். சில எம்பிதான், உறுத்தினால் "மவுண்ட்வால் எஸ்: /எஸ்" கொடுத்து உள்ளே போய் அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் நீக்கலாம். பக்கத்திலேயே மைக்ரோசாஃப்ட், பூட் என்று இரண்டு ஃபோல்டர்கள் இருக்கும், அவற்றில் கை வைக்காதீர்கள்.