கடலோரக் களிமண்ணை எப்படிக் கெட்டியாக்குவது? செம்பூரிலிருந்து சில பதில்கள்

மும்பை அருகே நவசேவா துறைமுகம், உரண் பக்கம் இருபது வருடமாக மண் வேலையில் இருக்கிறேன். மும்பைத் தமிழ் நண்பர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

கேள்வி (மாட்டுங்கா, சிவில் மாணவர்): சார், பாறை வரை பைல் (ஆழத் தூண்) இறக்கிவிட்டால் போதாதா? களியை ஏன் சரிசெய்ய வேண்டும்?

கப்பல் நிற்கும் பெர்த்துக்கு அப்படித்தான் செய்கிறோம். ஆனால் அதன் பின்னால் ஏக்கர் கணக்கில் கன்டெய்னர் யார்டு இருக்கிறதே, தம்பி. அது முழுக்கப் பைல் போடச் செலவு கட்டாது.

கேள்வி (முலுண்ட்): அண்ணா, களிக்குள் பிளாஸ்டிக் பட்டை இறக்குகிறார்களே, அது என்ன செய்கிறது?

தண்ணீருக்கு வழி விடுகிறது. நம் கடற்களியின் பருமனில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். மேலே பாரம் ஏற்றினால் அந்தத் தண்ணீர் வெளியேற வேண்டும், அப்போதுதான் மண் இறுகும். வெளியேறும் காலமோ தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் போக வேண்டிய தண்ணீருக்கு 1 மீட்டரில் வழி கிடைத்தால், காலம் சுமார் நூறில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் 10 சென்டிமீட்டர் அகலப் பட்டைகளை மீட்டருக்கு ஒன்றாக இறக்கி, மேலே மண்ணைக் குவிக்கிறோம். ஒரு மீட்டர் மண் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 1.8 டன். யார்டில் சதுர மீட்டருக்கு 5 டன் பாரம் வரும் என்றால் 3 மீட்டர் குவியல் வேண்டும், முடிந்தால் அதற்கும் மேல்.

பட்டை இறக்குவது சுலபம், காத்திருப்பதுதான் கஷ்டம். நான் இருந்த ஒரு சைட்டில், தேதி நெருங்குகிறது என்று குவியலை முன்கூட்டியே எடுக்கச் சொன்னார்கள். களிக்குள் நீரழுத்தம் இன்னும் இறங்கவில்லை என்று பீசோமீட்டர் காட்டியும் கேட்கவில்லை. இரண்டு மழைக்காலம் போனதும் தளம் அலை அலையாக அமுங்கி, கிரேன் ஓட முடியாமல் போனது. இன்றும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

கேள்வி (தாராவி): களியைத் தோண்டி எடுத்துவிட்டு மணல் கொட்டினால்?

கொட்டலாம், ஆனால் இறுக்காமல் விடக் கூடாது. 1995 கோபே பூகம்பத்தில் நடந்தது அதுதான். அங்கே துறைமுகச் சுவர்களின் அடியில் களியை எடுத்துவிட்டுத் தளர்வான மண்ணைப் போட்டிருந்தார்கள். நிலம் அதிர்ந்ததும் அது குழம்பாகி, கனத்த கான்கிரீட் பெட்டிகள் சில இடங்களில் 5 மீட்டர் வரை கடல் பக்கம் நகர்ந்தன. அதிர்வு கொடுத்து இறுக்கியிருந்த இடங்கள் நன்றாகவே தாங்கின.

கேள்வி (உரண், சைட் சூப்பர்வைசர்): கல் தூண் (களிக்குள் துளையிட்டு, கல் நிரப்பி இறுக்குவது) எங்கள் சைட்டுக்குச் சரிவருமா, சார்?

போர் லாக், அதாவது துளையிட்டுப் பார்த்த மண் அடுக்குகளின் பதிவு, அதைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். களி ரொம்பக் கொழகொழவென்று இருந்தால் கல் பக்கவாட்டில் பிதுங்கிவிடும், பிடித்துக்கொள்ள சுற்றிலும் மண்ணில் பலம் வேண்டுமே. இந்தியத் தர விதிநூலான ஐஎஸ் 15284-இன் முதல் பாகம் கல் தூணுக்கு, இரண்டாம் பாகம் வடிகால் பட்டைக்கு. இரண்டையும் படியுங்கள். அப்புறம் ஒரு தூணாவது போட்டு, பாரம் ஏற்றிப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.