ஐரிஷ் மொழியில் கேள்வி கேட்பது எப்படி?

தமிழில் கேள்வியைக் காட்டும் ‘ஆ’ வினையின் கடைசியில் ஒட்டும். ஐரிஷில் ‘அன்’ என்ற சிறு சொல் வாக்கியத்தின் முதலில் நிற்கும். ‘ஓலன் தூ தே’ என்றால் ‘நீ தேநீர் குடிக்கிறாய்’. ‘அன் ஓலன் தூ தே?’ என்றால் ‘நீ தேநீர் குடிக்கிறாயா?’ இறந்தகாலத்தில் ‘அன்’ பெரும்பாலும் ‘அர்’ ஆகிவிடும்.

பதில் சொல்லும் முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆம், இல்லை என்பவற்றுக்கு அந்த மொழியில் தனிச் சொற்களே கிடையாது. கேட்ட வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும்: ‘ஓலிம்’, குடிக்கிறேன், ‘நீ ஓலிம்’, குடிப்பதில்லை. இந்த ‘நீ’ நம் முன்னிலைச் சொல் அல்ல, எதிர்மறை இடைச்சொல். ‘வந்தாயா?’ என்றால் ‘வந்தேன்’ என்று பழகிய நமக்கு இது எளிதாகவே வரும்.

‘இருக்கிறது’ என்னும் ‘தா’ கேள்வியில் உருவமே மாறும். ‘தா ஷே ஃபூஅர்’, குளிராக இருக்கிறது. ‘அன் வில் ஷே ஃபூஅர்?’, குளிராக இருக்கிறதா? பதில் ‘தா’ அல்லது ‘நீல்’. இதை முதலிலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

யார் என்பதற்கு ‘கே’, எங்கே என்பதற்கு ‘கா’. நலம் விசாரிப்பதோ வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு: தெற்கே மன்ஸ்டரில் ‘கொனஸ்’ என்று தொடங்குவார்கள், மேற்கே கானக்டில் ‘கேன் ஹீ’, வடக்கே அல்ஸ்டரில் ‘கஜே மர்’.