காலையில் மட்டும் அடம் பிடிக்கும் பிக்கப்

கேள்வி: அண்ணா, கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றுகிறேன். பத்து வருடம் ஓடிய காமன் ரெயில் டீசல் பிக்கப். விடியற்காலை 3 மணிக்குச் செல்ஃப் அடித்தால் ஐந்தாறு தடவைக்குப் பிறகுதான் எடுக்கிறது. முதல் மூன்று தடவை புகையே வராது. அப்புறம் வெள்ளையாகக் கொஞ்சம் அடித்துவிட்டு ஸ்டார்ட் ஆகும். அதன் பிறகு நாள் முழுக்கச் சாவியைத் தொட்டால் போதும். வாசல் மேடு என்பதால் முகப்பு மேலே இருக்கும்படிதான் நிறுத்த முடியும். புது பேட்டரி போட்டாயிற்று. இப்போது நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
- வாசகர், கேத்தி, நீலகிரி

பதில்: வேண்டாம் தம்பி. பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள்: முதல் மூன்று தடவை புகை இல்லை.

செல்ஃப் சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால், டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை என்று அர்த்தம். அங்கே ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் ஆகும் முன் சிலிண்டருக்குள் சூடேற்றுவது), கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம்), செல்ஃபின் வேகம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை. மீதி விடை உங்கள் வாசல் மேட்டில் இருக்கிறது. முகப்பு மேலே, டேங்க் கீழே. லைனில் எங்கோ காற்று புகுகிறது. ராத்திரியில் டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடுகிறது. காலையில் பம்ப் முதலில் காற்றைத்தான் இழுக்கிறது. ரெயிலில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் டீசலைப் பங்கிடும் குழாயில், சுமார் 200 பார் அழுத்தம் ஏறும்வரை இன்ஜெக்டர் திறக்காது.

இன்ஜெக்டர் தேய்ந்து ரிட்டர்ன் (பீச்சாமல் டேங்குக்கே திரும்பும் டீசல்) அதிகமானால், பெரும்பாலும் சூட்டில்தான் தொல்லை தரும். சூடான டீசல் நீர்த்து எளிதாகக் கசியும். உங்கள் வண்டி சூட்டில் ஒரே தடவையில் எடுக்கிறதே!

இன்று ராத்திரி எங்காவது முகப்பு பள்ளத்தைப் பார்க்கும்படி நிறுத்திப் பாருங்கள். காலையில் சட்டென்று எடுத்தால் சந்தேகமே இல்லை. இடம் கிடைக்காவிட்டால், செல்ஃப் அடிக்கும் முன் ஃபில்டர் மேலுள்ள கை பம்பை இறுகும்வரை அமுக்குங்கள். கையை எடுத்ததும் சாவியைத் திருப்புங்கள்.

காற்று நுழையும் இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் பொறுமை வேண்டும். டேங்கிலிருந்து பம்ப் வரை டீசல் உறிஞ்சப்படுகிறது. அதனால் ஓட்டை இருந்தாலும் வெளியே ஈரம் தெரியாமல் போகலாம். பல மெக்கானிக்குகள் ஏமாறுவது இங்கேதான், நானும் ஏமாந்திருக்கிறேன். கோத்தகிரி டீத்தூள் வண்டி ஒன்றுக்கு இரண்டு இன்ஜெக்டரைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்பினேன். கடைசியில் ஃபில்டருக்கு அடியில் தண்ணீர் வடிக்கும் திருகின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. டிரைவருடைய இரண்டு நாள் வாடகை போயிற்று. அது இன்னும் என்னை உறுத்துகிறது.

ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே, டீசலுக்குத் தாங்கும் கண்ணாடி போன்ற ஹோஸ் ஒரு சாண் மாட்டிப் பாருங்கள். குமிழி ஓடினால் ஃபில்டர் வளையம், வடிகால் திருகு, கை பம்ப், ரப்பர் ஹோஸ், கிளிப் என்று டேங்க் வரை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். இன்ஜெக்டர் தலையிலுள்ள சின்ன ரிட்டர்ன் குழாய்களையும் விடாதீர்கள். ஆனால் பம்பிலிருந்து இன்ஜெக்டர் வரை போகும் ஸ்டீல் பைப்பை மட்டும் இன்ஜின் ஓடும்போதோ செல்ஃப் சுற்றும்போதோ தளர்த்தாதீர்கள். ஓட்டத்தில் அங்கே 1000 பாருக்கு மேல் ஏறும். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

உங்கள் ஊரில் ஜனவரியில் உறைபனி விழும் என்பதால் ஹீட்டர் பிளக்கையும் பார்த்துவிடுங்கள். டேஷ்போர்டில் விளக்கு எரிந்து அணைவதால் பிளக் சூடாகிறது என்று நம்ப முடியாது. ஒயரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் நல்ல பிளக் ஏறக்குறைய 1 ஓம் காட்டும். மீட்டர் அசையவே இல்லையென்றால் பிளக் செத்துவிட்டது. செல்ஃபைப் பத்து நொடிக்கு மேல் அடிக்காமல் ஆறவிடுங்கள். யார் சொன்னாலும் ஏர் ஃபில்டரில் பெட்ரோல் துணி காட்டாதீர்கள். ஹீட்டர் பிளக் சூட்டில் அது நேரம் தவறி வெடிக்கும், பிஸ்டனே உடையலாம். என்னிடம் தொழில் கற்ற பையன் ஒருவனின் புருவம் அப்படித்தான் கருகியது.

கேள்வி: என் பழைய ரோட்டரி பம்ப் பிக்கப் காலையில் நன்றாக எடுக்கிறது. உப்பு ஏற்றி வந்து, அணைத்து, டீ குடித்துவிட்டு வந்தால் எடுக்க மாட்டேன் என்கிறது. அரை மணி நேரம் ஆறினால் சரியாகிறது.
- வாசகர், முத்தையாபுரம், தூத்துக்குடி

பதில்: அடுத்த தடவை நிற்கும்போது ஈரத்துணியைப் பம்ப் மேல் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுப் பம்பைக் குளிர வையுங்கள். உடனே எடுத்தால் பம்பின் ஹெட் (டீசலை அழுத்தித் தள்ளும் பகுதி) தேய்ந்திருக்கிறது. டீசல் பம்ப் கடையில் பெஞ்சில் ஏற்றி, செல்ஃப் சுற்றும் வேகத்தில் எவ்வளவு டீசல் தள்ளுகிறது என்று உங்கள் கண் முன்னே அளந்து காட்டச் சொல்லுங்கள். துணி போட்டும் எடுக்காவிட்டால், பம்பில் கை வைப்பதற்கு முன் சூட்டில் செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். உப்புக்காற்று பட்ட எர்த் ஒயரின் முனை பச்சையாகப் பூத்திருந்தால், சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கிவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.