எழுதிக் கொடுத்த வீடு, கட்டிப்போட்ட கை: முதியோர் சட்டம் பற்றிக் கேள்வி பதில்

முதியோர் பாதுகாப்புச் சட்டம் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் பெரியவர்களின் மனுக்களை எழுதிக் கொடுப்பது என் வேலை. அதனால் சட்டத்தோடு சேர்த்து, மனு எங்கே போய் முட்டிக்கொண்டு நிற்கும் என்பதையும் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 72 வயது. வீட்டைத் தம்பி பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது அவன் சாப்பாடுகூடப் போடுவதில்லை. பத்திரத்தை ரத்து செய்ய முடியுமா?

முடியும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-இன் 23ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை வாங்கியவர் கவனிக்கவில்லை என்றால், அது மோசடியாலோ வற்புறுத்தலாலோ வாங்கியதாகக் கருதப்படும். இந்தச் சட்டப்படி மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம்.

சிக்கல் 'நிபந்தனை' என்ற சொல்லில்தான். பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் "தங்கள் மேல் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது பெரியவர்களுக்கான நலச் சட்டம், தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும், தீர்ப்பாயம் சொத்தின் சுவாதீனத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிடலாம் என்றது. அந்த ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், அன்பும் பிரியமும் என்பதற்குள்ளேயே அந்த நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று தீர்ப்பளித்தது. உங்கள் அம்மாவுக்குச் சாதகமான காலம் இது.

சார்பதிவாளர் அலுவலகம் போய் அம்மா மட்டும் கையெழுத்திட்டு ரத்துப் பத்திரம் பதிய யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஒருதலையான ரத்து நிலைக்காது, செலவுதான் மிச்சம்.

இனிமேல் எழுதிக் கொடுக்கப் போகிறவர்களுக்கு: "என் ஆயுள் உள்ளவரை உணவு, உடை, மருத்துவம் கொடுத்து, இதே வீட்டில் என்னை வைத்துப் பராமரிக்க வேண்டும், தவறினால் இந்தப் பத்திரத்தை ரத்து செய்ய எனக்கு உரிமை உண்டு" என்ற வாசகத்தைப் போடச் சொல்லுங்கள். பிள்ளை முகம் சுளித்தால் எழுதிக் கொடுக்காதீர்கள். என்னைக் கேட்டால் உயிலே போதும். உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

மனு போட வக்கீல் வேண்டுமா? எவ்வளவு நாள் ஆகும்? பராமரிப்புத் தொகை கேட்டால் எவ்வளவு கிடைக்கும்?

வக்கீல் இல்லாமலே போடலாம். 17ஆம் பிரிவு இரு தரப்பும் வக்கீல் வைக்கக்கூடாது என்கிறது. அதை ஏற்காத உயர் நீதிமன்றத் தீர்ப்புகளும் உண்டு. தமிழ்நாட்டில் தீர்ப்பாயம் என்றால் கோட்டாட்சியர், மேல்முறையீட்டுக்கு மாவட்ட ஆட்சியர். உங்கள் சார்பில் ஆஜராகக் கேட்டால் மாவட்ட சமூகநல அலுவலர் வருவார். நடமாட முடியாதவர் வேறொருவருக்கோ ஒரு அமைப்புக்கோ அதிகாரம் கொடுத்து மனு போடலாம்.

நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும், தவிர்க்க முடியாவிட்டால் இன்னும் 30 நாள் என்பது சட்டம். நடப்பில் இழுக்கும். அதனால் மனு கொடுத்த அன்றே முத்திரை போட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 90 நாள் கடந்தால் அந்த நகலோடு ஆட்சியரின் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். வெறுங்கையோடு போனால் புது மனுவாக எடுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

பராமரிப்புத் தொகை மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் போகாது. இன்றைய மருந்துச் செலவுக்கு இது எந்த மூலைக்கு? இந்த வரம்பை நீக்க 2019-இல் கொண்டுவந்த திருத்த மசோதா நிறைவேறாமலே காலாவதியாகிவிட்டது. உத்தரவான பணத்தைக் கட்டாவிட்டால் ஒரு மாதம் வரை சிறை உண்டு. ஆனால் பணம் நின்ற மூன்று மாதத்துக்குள் நீங்கள் திரும்பப் போய்ச் சொல்ல வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

கல்யாணமாகிப் போன மகள்மேலும் கேட்கலாமா?

கேட்கலாம். மகன், மகள், மேஜரான பேரன் பேத்தி எல்லோரும் இதில் வருவார்கள். பிள்ளை இல்லாதவர் என்றால், சொத்தை அனுபவிக்கிற அல்லது வாரிசாக அடையப் போகிற உறவினரிடம் கேட்கலாம்.

மறதி நோய் உள்ள அப்பாவைக் கட்டண இல்லத்தில் சேர்த்திருக்கிறோம். போன வாரம் மணிக்கட்டில் சிவப்புத் தடம். கேட்டால், "ராத்திரி ஆள் இல்லை, எழுந்து விழுந்துவிடுவார், அதனால் கட்டினோம்" என்கிறார்கள்.

அவர்கள் சொன்ன காரணமே அவர்களுக்கு எதிரான சாட்சி. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 97ஆம் பிரிவு, ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டிக் கட்டிப்போடக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பான மனநல மருத்துவர் அனுமதித்தால், தேவையான நேரத்துக்கு மட்டும் கட்டலாம். தண்டனையாக ஒருபோதும் கூடாது.

"நாங்கள் முதியோர் இல்லம், மனநல நிலையம் இல்லையே" என்பார்கள். நினைவும் முடிவெடுக்கும் திறனும் பெரிதும் குலைந்த நிலையை அந்தச் சட்டம் மனநோய் என்ற வரையறைக்குள் வைக்கிறது. அப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடமும் அதற்குள் வரும் என்பது என் வாதம். அது எடுபடாவிட்டாலும், ஒருவரை முறையின்றி அடைத்துவைப்பது சாதாரணக் குற்றவியல் சட்டப்படியே குற்றம்.

இன்றே செய்ய வேண்டியது: தடத்தைத் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். யார் சொல்லி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை கட்டினீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அப்புறம், வழக்கமான பார்வை நேரத்தில் போகாமல் ஒரு நாள் இரவு எட்டு மணிக்குப் போய் நில்லுங்கள். உள்ளே விட மறுத்தால் அதையும் குறித்து வைத்துக்கொண்டு, மாவட்ட சமூகநல அலுவலருக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். மோசமாக இருந்தால் தபாலுக்குக் காத்திராமல் காவல் நிலையம் போங்கள்.

இல்லத்தை விட்டு வந்துவிட்டோம், டெபாசிட்டைத் தர மறுக்கிறார்கள்.

பணம் கொடுத்துப் பெறும் சேவை என்பதால் நீங்கள் நுகர்வோர். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது.

வீட்டோடு இருந்து கவனிக்க ஒப்பந்தம் போட்ட ஆள், படுக்கையில் இருக்கும் பாட்டியைத் தனியே விட்டுப் போய்விட்டார்.

பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது இப்போதைய குற்றவியல் சட்டத்தின் 357ஆம் பிரிவுப்படி இது குற்றம். மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படி ஒரு பிரிவு இருப்பது காவல் நிலையத்திலேயே பலருக்குத் தெரியாது. எண்ணை எழுதிக்கொண்டு போங்கள்.

அப்பா எனக்குப் பவர் கொடுத்திருக்கிறார். இப்போது அவருக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. பவரை வைத்து இடத்தை விற்கலாமா?

வேண்டாம் தம்பி. கொடுத்தவர் மனநிலை தவறினால் பவர் அங்கேயே முடிந்துபோகிறது, ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவு. நல்ல எண்ணத்தோடு விற்றாலும் நாளைக்கு உங்கள் அக்காவோ வாங்கியவரோ வழக்குப் போட்டால் நிற்காது. உயர் நீதிமன்றத்தில் மனு போட்டுக் காப்பாளராக நியமனம் பெறுங்கள். அரசியல் சாசனம் 226ஆம் பிரிவின் கீழ், சுயநினைவு இழந்தவர்களுக்காக இப்படி நியமித்திருக்கிறார்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு எழுதி வையுங்கள்.

அம்மா படுத்த படுக்கை. வங்கியில் நேரில் வந்தால்தான் பென்ஷன் என்கிறார்கள். எங்களுக்கு வக்கீல் வைக்க வசதியும் இல்லை.

ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தலே உங்கள் பக்கம் இருக்கிறது. கைரேகை வைக்கலாம், அதுவும் முடியாவிட்டால் கால் விரல் ரேகை. அடையாளம் சொல்ல இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரியாக இருக்க வேண்டும். அதாவது அதிகாரி ஒருவரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி மேலாளருக்குக் கடிதம் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். வழக்கு என்று வந்தால் இலவச சட்ட உதவி கிடைக்கும். பெண்களுக்கு அதில் வருமான வரம்பே இல்லை. எண் 15100. முதியோர் உதவி எண் 14567.